கந்தலிற் பூத்த மலர்கள்

தோட்டக் கிராணிக்கு ஊசிநூற் பேச்சு எதற்கென்று நகைப்போர் நகைக்கட்டும். ஞாயிறுதோறும் எமது தோட்ட மண்டபத்தில் பெண்டிர் கூடி, பழஞ்சேலைத் துண்டுகளால் பூப்போர்வை தைக்கப் பயில்கின்றனர். முன்னரே வரைந்த கோலம் இல்லை. கத்தரி போன வழியே இதழ் பிறக்கிறது. ஒருத்தி வெட்டிய பூவுக்கு மற்றொருத்தி காம்பு வைக்கிறாள். எம் தந்தையார் மறைந்தபின் பேச்சைக் குறைத்துக்கொண்ட அன்னையார், அங்கே சிவப்பா மஞ்சளா என்று வாதாடுகிறார்!

இதனை வீண்பொழுது என்றும், மண்டபத்தைப் பூட்டிவிடலாம் என்றும் சிலர் கூறுகின்றனர். அன்பர்காள், சற்றுக் கேண்மின். 1942இல் சிங்கப்பூரைப் பிடித்த ஜப்பானியர், ஐரோப்பியக் குடிகளைச் சாங்கிச் சிறையில் அடைத்தனர். அங்கிருந்த சாரணச் சிறுமியர், தம் தலைவி எலிசபெத் என்னிஸ் அம்மையாரின் பிறந்தநாளுக்கென, அவரறியாமல் ஒரு போர்வை தைத்தனர். கந்தலே துணி, பழைய உடையிற் பிரித்ததே நூல். சின்னஞ்சிறு அறுகோணத் துண்டுகள் சேர்ந்து மலர்களாயின. பசித்த வயிற்றுடன் பூத்தைத்த அப்பிள்ளைகளை எவரேனும் வீணர் என்பரோ? அப்போர்வை இன்று இலண்டன் இம்பீரியல் போர்க் காட்சிசாலையில் இருக்கிறது.

எம் பெண்டிர் தைக்கும் போர்வையில் இன்னும் ஒரு மூலை பாக்கி. அது முடியுமட்டுமன்றி, அதன் பின்னரும் மண்டபச் சாவி அவர்களிடமே இருக்கட்டும் என்று நிர்வாகக் குழுவுக்கு எழுதியுள்ளோம்.