மினாவில் எறியும் கல்

மக்கா நகருக்குக் கிழக்கே சில மைல் தூரத்தில், வறண்ட குன்றுகளுக்கிடையே ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. மினா என்பது அதன் பெயர். வருஷத்தில் பெரும்பாலும் அங்கே சந்தடி கிடையாது. ஹஜ்ஜுக் காலம் வந்துவிட்டாலோ கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளைக் கூடாரங்கள்தாம். அவற்றில், உலகின் நாலா திசைகளிலிருந்தும் வந்து கூடிய லக்ஷக்கணக்கான யாத்ரீகர்கள்!

துல்ஹஜ் மாதம் ஒன்பதாம் நாள் அரபாத் வெளியில் நின்று பிரார்த்தித்தவர்கள், சூரியாஸ்தமனத்துக்குப் பின் புறப்பட்டு முஸ்தலிபாவை அடைகிறார்கள். அன்றிரவு அங்கே ஒரு விசித்திரக் காட்சியைக் காணலாம். சீமான்களும் கூலிக்காரர்களும் ஒரே மாதிரியான தையலற்ற வெள்ளைத் துணியுடன், தரையில் குனிந்து கூழாங்கற்களைப் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். கல் ஒவ்வொன்றும் கொண்டைக்கடலை அளவு இருந்தால் போதும்.

இந்தக் கற்கள் எதற்காக? தம் அருமைப் புதல்வர் இஸ்மாயீலை இறைவனுக்கு அர்ப்பணிக்கச் சென்ற இப்ராஹீம் நபியை, ஷைத்தான் மூன்று இடங்களில் வழிமறித்தான் என்றும், மூன்று முறையும் நபி ஏழேழு கல் எறிந்து அவனை விரட்டினார் என்றும் ஐதிகம் கூறுகிறது. அந்த மூன்று இடங்களே மினாவில் உள்ள ஜம்ராக்கள். பத்தாம் நாள், மக்காவுக்கு அருகிலுள்ள பெரிய ஜம்ராவில் மட்டும் ஏழு கல். அடுத்த நாட்களில் மூன்றிலுமாக, நாளொன்றுக்கு 21 கல். பன்னிரண்டாம் நாளே புறப்படுகிறவர் எறிவது மொத்தம் 49. பதின்மூன்றாம் நாளும் தங்குகிறவர் எறிவது 70. ஒவ்வொரு கல்லுக்கும் "அல்லாஹு அக்பர்" என்ற முழக்கம் எழுகிறது.

அந்தக் கல்லுக்குள் ஷைத்தான் ஒளிந்திருப்பதாக இஸ்லாமிய அறிஞர்கள் சொல்வதில்லை. தன் நெஞ்சிலே புகுந்து கெடுக்கும் ஆசையையும் அகங்காரத்தையும் விரட்டுவதற்கு அது ஓர் அடையாளம். இதை மறந்து, ஆவேசத்தில் பெருங்கல்லையும் செருப்பையும் வீசுவோரும் உண்டு. நபிகள் நாயகமோ பொடிக் கற்களையே காட்டி, மார்க்கத்தில் வரம்பு மீறலாகாது என்று எச்சரித்ததாக ஹதீஸ் கூறுகிறது.

அந்த எச்சரிக்கையின் அருமையை மினாவின் சமீப காலச் சரித்திரம் உணர்த்துகிறது. 2004-ஆம் வருஷம் ஜம்ரா அருகே ஏற்பட்ட நெரிசலில் 251 பேர் மாண்டார்கள். அதன் பின் மூன்று தூண்களும் எடுக்கப்பட்டு, பலர் ஏககாலத்தில் எறியும்படி நீண்ட சுவர்கள் எழும்பின. 2006-இல் மீண்டும் 300-க்கு மேற்பட்டோர் உயிரிழக்கவே, பழைய பாலத்தை இடித்துவிட்டுப் பல அடுக்குகள் கொண்ட புதிய பாலம் கட்டினார்கள். ஆயினும் 2015-இல், ஜம்ராவை நோக்கிச் செல்லும் தெருவிலேயே, அரசாங்கக் கணக்குப்படி 769 பேர் மடிந்தார்கள். வேறு கணக்குகள் இரண்டாயிரத்துக்கும் மேல் என்கின்றன.

இத்தகைய நெரிசலில் முன்னே நிற்பவர் திணறுவது பின்னே வருபவருக்குத் தெரிவதில்லை. அவர் ஓர் அடி எடுத்து வைக்கிறார். அவருக்குப் பின்னால் ஆயிரம் பேர் ஓர் அடி எடுத்து வைக்கிறார்கள். அந்தப் பாரம் முழுவதும் முன்னாலிருக்கும் யாரோ ஒரு முதியவரின் மார்பில் போய் விழுகிறது.

இத்தனைக்கும், நோயாளிகளும் தள்ளாதவர்களும் தங்களுக்குப் பதிலாகப் பிறரை எறியச் சொல்ல அனுமதி உண்டு. கல்லைச் சிறிதாக்கிய மார்க்கம் கடமையையும் இலேசாக்கியிருக்கிறது. ஏழு கல்லையும் கையில் வைத்துக்கொண்டு, முன்னே நிற்பவருக்கு வழி விட்டுச் சற்றுப் பொறுத்திருக்கும் ஹாஜி, எறிவதற்கு முன்பே தம் ஷைத்தானை விரட்டிவிட்டார் என்றே சொல்லவேண்டும்.