ஒரு நாளின் 42 கிலோமீட்டர்

மின்சாரக் கார் என்றதும் எங்கள் ஊரில் ஆண்கள் கேட்கிற முதல் கேள்வி, "ஒரு சார்ஜுக்கு எத்தனை கிலோமீட்டர் போகும்?" என்பதுதான். பதிலைச் சொன்னால், அடுத்த நொடியே அதைத் திருப்பதியோடும் சென்னையோடும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். "அங்க வரைக்கும் போகாதே" என்று பேச்சு முடிந்துவிடும். திருப்பதிக்கு அவர்கள் எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை போகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

நான் திருப்பூரில் பவர் டேபிள் வைத்திருக்கிறேன். 11 மெஷின். ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் எல்லாம் சேர்த்து. பெரிய கம்பெனிகளிலிருந்து வெட்டிய பீஸ் வாங்கி, தைத்து, செக்கிங் முடித்துத் திருப்பிக் கொடுக்கிற ஜாப் ஒர்க். பதினெட்டு வயதில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குச் சேர்ந்தவள். கணவர் இன்னொரு கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். வீட்டில் இருந்தது ஒரு பழைய ஆம்னி வேன். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியபின், அந்த வேனுக்குப் போடுகிற பணம் இரண்டு டெய்லர்களின் வாரச் சம்பளத்தோடு போட்டி போட்டது. அதை விற்றுவிட்டுக் குடும்பத்துக்கு ஒரு கார் வாங்கலாம் என்று பேச்சு வந்தபோது, ஒரு மாதம் கணக்கு எழுதினேன். பீஸ் கணக்கு எழுதுகிற அதே நோட்டில், கடைசிப் பக்கங்களில். வீட்டில் யார், எங்கே, எதற்காக, எத்தனை கிலோமீட்டர் போனார்கள் என்று மட்டும்.

மகளைப் பள்ளியில் விட்டுப் பட்டறைக்குப் போவது, லேபிளும் எலாஸ்டிக்கும் வாங்கக் காதர்பேட்டைப் பக்கம் போவது, தைத்த பீஸைக் கம்பெனியில் இறக்குவது, வாரம் மூன்று நாள் அம்மாவைப் பிசியோதெரபிக்குக் கூட்டிப் போவது, மளிகை, ரேஷன், கேஸ் ஆபீஸ். ஷிப்மெண்ட் நெருக்கத்தில் வேலை இரவு பத்து வரை போனால், பஸ் கிடைக்காத இரண்டு டெய்லர்களை வீட்டில் விடுவது. மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் என் பங்கு சராசரியாக ஒரு நாளைக்கு 42 கிலோமீட்டர். அதிகபட்சம் ஒரு நாள் 71. கணவர் போகவர 12, அதுவும் பைக்கில். குடும்பமாக எல்லோரும் சேர்ந்து தொலைதூரம் போவது பழனிக்கும் வெள்ளகோவில் பக்கம் இருக்கும் குலதெய்வம் கோயிலுக்கும். வருஷத்தில் ஏழு நாள் இருந்தால் அதிகம்.

இத்தனை காலமும் எங்கள் வீட்டில் அந்த ஏழு நாளுக்காகத்தான் வண்டி தேர்ந்தெடுத்திருக்கிறோம். மீதி 358 நாள் ஓடுகிற ஓட்டத்துக்குக் கணக்கே கிடையாது. "சும்மா ஊருக்குள்ள சுத்தறது" என்று அதற்குப் பெயர். நோட்டில் எழுதியபிறகுதான் அது மாதம் 1,100 கிலோமீட்டர் என்று என் கணவருக்கே தெரிந்தது.

பெண்களின் தூரத்தை யாரும் கணக்கெடுக்காமல் விட்டதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். லேடீஸ் சைக்கிள் போதவில்லை என்று பெண்கள் ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள். முன்னால் இருக்கிற பாரில் பிள்ளையை உட்கார வைத்துக்கொள்ளலாம் என்பது அதில் இன்னொரு வசதி. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. என் டெய்லர்களில் பாதிப்பேர் அதில்தான் வருகிறார்கள். ஒரு சைக்கிளோ ஒரு பஸ்ஸோ கையருகே வந்ததும் பெண்கள் எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது என்பது வெளியே தெரிகிறது. ஆனால் எங்கள் ஊரில் வேலை முடிகிற நேரத்தைப் பஸ் தீர்மானிப்பதில்லை, ஷிப்மெண்ட் தேதிதான் தீர்மானிக்கிறது.

புதிய மின்சாரக் கார் எங்கள் கைக்கு எட்டாது. பழையது எட்டும் என்பது விலையைப் பார்த்ததும் புரிந்தது. டாடா டிகோர் மின்சாரக் கார் 2021 ஆகஸ்டில் வந்தபோது ஷோரூம் விலையே 11.99 லட்சத்தில் தொடங்கியது. மூன்று வருஷம் ஓடிய அதே கார் எனக்கு 6.40 லட்சத்துக்குக் கிடைத்தது. பெட்ரோல் கார் இவ்வளவு வேகமாக விலை இறங்காது. இறங்கியதற்கு முக்கியக் காரணம் பயம். பேட்டரி போய்விட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் வாங்குகிறவர்கள் ஒதுங்குகிறார்கள். பேட்டரி எப்படி இருக்கிறது என்று சோதிக்கத் தெரிந்தவருக்கு அந்தப் பயத்தில்தான் லாபம் இருக்கிறது.

எனக்குச் சோதிக்கத் தெரியும். இருபது வருஷம் செய்த வேலையே அதுதான். எங்கள் ஊரில் செகண்ட்ஸ் என்பது அவமானமான சொல் இல்லை. காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சியதையும், கழித்ததையும் மலைபோல் குவித்து விற்கிறார்கள். எது தையல் விட்டது, எது சாயம் போகும், எது வெறும் லேபிள் கோணலாகப் போனதால் கழிந்தது என்று உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கத் தெரிந்தவர் நல்ல சரக்கோடு வீடு திரும்புவார். காரையும் அப்படித்தான் பார்த்தேன்.

நான் போன பழைய கார் கடையில், காரைப் பற்றி நான் கேட்ட எந்தக் கேள்விக்கும் பதில் வருவதற்கு முன்னால் ஒரு கேள்வி வந்தது.

"சார் வரலீங்களாக்கா?"

"ஓட்டறது நானுங்க. காசு குடுக்கறதும் நானுங்க. எங்கிட்டயே சொல்லுங்க."

அதற்குப் பிறகும் அந்தத் தம்பி எனக்குக் காட்டியது கலர், சீட் கவர், கண்ணாடி. பேட்டரியைப் பற்றிக் கேட்டதும் "அதெல்லாம் கம்பெனி வாரண்டி இருக்குதுங்க" என்றார். எத்தனை வருஷம், எத்தனை கிலோமீட்டர், யாருக்கு என்று கேட்டேன். போன் எடுத்து யாரையோ கேட்டுவிட்டுச் சொன்னார்.

நான் கேட்டவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். வாங்கப்போகிறவர்களுக்கு உதவும்.

முதலில் வாரண்டி. இந்தக் கார்களில் பேட்டரிக்கு 8 வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முதலில் வருகிறதோ அதுவரை. கணக்குத் தொடங்குவது நாம் வாங்குகிற நாளில் அல்ல, வண்டி முதன்முதலில் விற்ற நாளில். நான் பார்த்த கார் 2022இல் பதிவானது, 38,000 கிலோமீட்டர் ஓடியது. ஆக, 2030 வரை. இரண்டாவது உரிமையாளருக்கும் அது செல்லுமா என்பதைக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் எழுத்தில் வாங்க வேண்டும். புதிதாக வரும் சில வாழ்நாள் வாரண்டிகள் முதல் உரிமையாளருக்கு மட்டும்தான்.

இரண்டாவது, பெயர் ஒன்றாக இருந்தாலும் பொருள் வேறாக இருக்கலாம். 2019இல் வந்த டிகோர் மின்சாரக் காரின் பேட்டரி 21.5 யூனிட் பிடிக்கும். 2021இல் வந்தது 26 யூனிட். வெளியே பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். 2020இல் வந்த முதல் நெக்ஸானில் 30.2 யூனிட். டியாகோவில் 19.2, 24 என்று இரண்டு அளவு. எந்த வருஷம், எத்தனை யூனிட் என்று கேட்காமல் விலை பேசக் கூடாது.

மூன்றாவது, விளம்பரத்தில் போட்ட தூரத்தை நம்பக் கூடாது. டிகோருக்கு அரசு சோதனையில் சொன்ன தூரம் 306 கிலோமீட்டர். முழு சார்ஜ் போட்டு, ஏசி போட்டு, பல்லடம் சாலையிலும் ஊருக்குள் நெரிசலிலும் சரியாக 50 கிலோமீட்டர் ஓட்டினேன். 29 சதவீதம் குறைந்தது. அப்படியானால் முழுசாக 170 சொச்சம். என் மிக மோசமான நாளான 71க்கு இது இரண்டு மடங்குக்கு மேல். சர்வீஸ் சென்டரில் பேட்டரியின் ஆரோக்கியத்தைக் கம்ப்யூட்டர் போட்டுப் பார்த்தும் சொல்வார்கள். இரண்டையும் செய்ய விடாத கடையில் வாங்க வேண்டாம்.

நான்காவது, டாக்ஸியாக ஓடியதா என்று பார்க்க வேண்டும். சொந்த மின்சாரக் காருக்குப் பச்சைப் பலகையில் வெள்ளை எழுத்து, வாடகைக் காருக்குப் பச்சையில் மஞ்சள் எழுத்து. பலகையை மாற்றிவிடலாம், ஆர்.சி.யின் பழைய வரலாறு அப்படியே இருக்கும். பழைய கடன் அடைந்ததா, வங்கியின் தடையில்லாச் சான்று இருக்கிறதா, படிவம் 35 கையெழுத்தாகியிருக்கிறதா என்று பார்த்த பிறகே பெயர் மாற்றுகிற 29, 30 படிவங்கள். வண்டியோடு வந்த சார்ஜர் கேபிள் தருகிறார்களா என்றும் கேட்க வேண்டும். கேபிளைத் தனியாக வாங்கினால் கை கடிக்கும்.

ஐந்தாவது, வீடு. 15 ஆம்ப் பிளக், சரியான எர்த், வண்டி நிற்கும் இடம். இந்த மூன்றும் இருந்தால் இரவு ஒன்பது மணிக்குப் போட்டுக் காலையில் எடுத்துக்கொள்ளலாம். இங்கேதான் இந்தக் கணக்கின் எல்லையும் தெரிகிறது. எங்கள் ஊரில் தொழிலாளர்கள் பெரும்பாலும் லைன் வீட்டில் இருக்கிறார்கள். வாசலில் ஒரு பிளக் வைக்க வீட்டு ஓனர் சம்மதிக்க வேண்டும், மீட்டரைப் பங்கு பிரிக்க வேண்டும். மின்சாரக் காரின் சிக்கனம், சொந்தமாக ஒரு சுவர் இருப்பவருக்குத்தான் முழுசாகக் கிடைக்கிறது.

பணத்துக்கு வருகிறேன். சீட்டு எடுத்தது 3 லட்சம். மீதிக்கு வங்கிக் கடன். என் பெயரில் ஜி.எஸ்.டி. பதிவு இருக்கிறது, வருஷா வருஷம் வருமான வரிக் கணக்குக் கொடுக்கிறேன். இருந்தும் வங்கியில் கேட்டது கணவரின் சம்பளச் சீட்டு. "அவர் இணை விண்ணப்பதாரரா இருந்தா சீக்கிரம் ஆயிடும் மேடம்." என் கணக்கிலேயே போடுங்கள், தாமதமானாலும் பரவாயில்லை என்றேன். பதினேழு நாள் ஆனது.

அடுத்து, ஆர்.சி. யார் பெயரில் என்ற பேச்சு. அத்தை கோபமாகச் சொல்லவில்லை, பழக்கமாகச் சொன்னார்.

"ஏங்கண்ணு, வண்டி அவம்பேர்லயே இருக்கட்டுமே. ரெண்டும் ஒண்ணுதானே."

"ஒண்ணுதானுங்கத்தை. அப்ப எம்பேர்ல இருக்கட்டுமுங்க."

கணவர் சிரித்துவிட்டார். ஆனால் இது சிரிப்போடு முடிகிற விஷயமில்லை. நாளைக்கு மெஷின் வாங்கக் கடன் கேட்டால், என் பெயரில் ஒரு சொத்தும், ஒழுங்காகக் கட்டிய ஒரு கடனும் இருப்பது கணக்கில் வரும். வண்டியை விற்கவோ அடகு வைக்கவோ யார் நினைத்தாலும் என் கையெழுத்து வேண்டும். எங்கள் தெருவில் வீடும் நகையும் மனைவிக்குத் தெரியாமல் போன கதைகள் இருக்கின்றன. இரண்டும் ஒன்று என்பதை நம்பி இருந்தவர்கள்தான் அவர்களும்.

கார் வந்து எட்டு மாதம் ஆகிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில் ஏறக்குறைய 2,800 ரூபாய் கூடியிருக்கிறது. வீட்டு உபயோகம் 500 யூனிட்டைத் தாண்டியதும் விலை ஏறுவதால் வந்த தொகை இது, அதையும் சேர்த்தே சொல்கிறேன். அதே 2,200 கிலோமீட்டருக்கு ஆம்னி குடித்த பெட்ரோல் 17,000. மிச்சத்தில் கடன் தவணை போகிறது. பழனிக்கு ஒருமுறை போனோம். திரும்பும்போது வழியில் ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டு டீ குடித்தோம். அதற்காக யாரும் சாகவில்லை.

ஒன்றை மறைக்கக் கூடாது. கார் வந்ததும் வேலையும் கூடவே வந்தது. "காரு இருக்குதுல்ல, ஒரெட்டு போயிட்டு வந்துரு" என்று சொந்தக்காரர்களெல்லாம் சொல்ல ஆரம்பித்தார்கள். இறங்கி நடக்கிற சுதந்திரம் கிடைத்த இடத்தில், கூப்பிட்டால் வரும் டிரைவராகவும் ஆகிவிடுகிறோம். மூன்றாவது மாதம் கணவரிடம் நோட்டைக் காட்டினேன். இப்போது அம்மாவின் பிசியோதெரபி மூன்று நாளில் இரண்டு நாள் அவர் பொறுப்பு. மாமியாரைக் கூட்டிப் போவது அவர், என் அம்மாவைக் கூட்டிப் போவது நான் என்று அவர் முதலில் சொன்ன பிரிவினையை நான் ஏற்கவில்லை. கிலோமீட்டரை வைத்துத்தான் பிரித்தோம்.

போன வாரம் இரவு ஒன்பதே முக்காலுக்கு, வீட்டில் விடப் போகும்போது பின்சீட்டில் இருந்த டெய்லரக்கா கேட்டார், பழைய எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஒன்று விலைக்கு வருகிறதாம், வாங்கலாமா என்று. எத்தனை வருஷம் ஆச்சு, பேட்டரி வாரண்டி எது வரை, லைன் வீட்டில் ஓனர் பிளக் போட விடுவாரா என்று கேட்டேன். கடைசியாக, ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் போவீர்கள் என்றேன். யோசித்துப் பார்த்ததே இல்லை என்றார். அவர் வீட்டிலிருந்து அங்கன்வாடி, பட்டறை, சந்தை, திரும்ப வீடு என்று இருவரும் சேர்ந்து கூட்டினோம். 11 கிலோமீட்டர் வந்தது.