பாமா, பனையா, ரெண்டும் இல்லையா?

நர்சரிக்குப் போய் "பாம் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். வரிசையாகப் பத்துத் தொட்டியைக் காட்டுவார்கள். எல்லாம் ரெண்டடி உயரம், எல்லாமே அழகு. இதில் ஒன்று பத்தடியோடு நின்றுவிடும், இன்னொன்று அறுபது அடியைத் தாண்டும் என்று தொட்டியில் எழுதி ஒட்டியிருக்காது. பி.காம் படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். எங்கள் வீட்டில் இதற்காக ஒரு வாரம் சண்டை நடந்தது.

அப்பாவுக்கு கேட்டின் இரண்டு பக்கமும் ராயல் பாம் வேண்டும். கல்யாண மண்டபங்களில் பார்த்திருப்பீர்களே, சிமெண்ட் தூண் மாதிரி சாம்பல் நிறத் தண்டு, அதற்கு மேலே வழவழவென்று பச்சைக் கழுத்து, அதே மரம்தான். கியூபா பக்கத்து மரம். எங்கள் கேட்டுக்கு நேர் மேலே மின்கம்பி போகிறது.

"கம்பியைத் தொட்டா மேல கொஞ்சம் வெட்டிவிட்டா போச்சு" என்றார் அப்பா.

பிரச்சினையே அங்கேதான். வேம்பையோ புங்கனையோ வெட்டினால் பக்கத்தில் கிளைக்கும். ஒற்றைத் தண்டுப் பனை வகைகளுக்கு உயிர் ஒரே இடத்தில், உச்சிக் குருத்தில். அதை வெட்டினால் மரம் செத்தது, அவ்வளவுதான். தண்டில் ஆணி அடித்தால்கூட அந்தக் காயம் கடைசி வரை மூடாது. போதாக்குறைக்கு ராயல் பாமின் காய்ந்த மட்டை தானாகக் கழன்று விழும். பல கிலோ எடை. கீழே என் பைக் நிற்கும் :-)

சரி, எதை எப்படிக் கண்டுபிடிப்பது? அடியிலிருந்து கொத்தாகப் பல தண்டு, மஞ்சள் காம்பு என்றால் அரிக்கா பாம். பெயரைக் கேட்டுப் பாக்கு காய்க்கும் என்று காத்திருக்க வேண்டாம், இது மடகாஸ்கர்காரர், பாக்கு மரம் வேறு. கொத்தாக வளர்வதால் ஒரு தண்டை எடுத்தாலும் மற்றவை பிழைக்கும். இலைக் கீற்றுகள் காம்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் சிலிர்த்து நரிவால் போல இருந்தால் ஃபாக்ஸ்டெயில், ஆஸ்திரேலியா. இலை நுனி மீன்வால் போலக் கிழிந்திருந்தால் நம்ம ஊர்க் கூந்தல்பனை. இது மேலிருந்து கீழாகப் பூத்துக்கொண்டே வந்து, கடைசிக் குலை முடிந்ததும் பட்டுப்போகும். பழத்தைக் கையால் தொடாதீர்கள், அரிப்பு தாங்காது.

சைகஸ் பனையே இல்லை. டிராவலர்ஸ் பாமும் பெயரில் மட்டும்தான் பாம். சைகஸின் விதை நாய்க்கு விஷம் என்பதால் வீட்டில் நாய் இருந்தால் யோசித்து வாங்குங்கள்.

நான் கட்சி கட்டியது பாட்டில் பாமுக்கு. அடி பருத்துக் கழுத்து சிறுத்த மரம் (நடுவில் பருத்திருந்தால் அது ஸ்பிண்டில்). மொரிஷியஸ் அருகே ரவுண்ட் ஐலண்ட் என்ற குட்டித் தீவுதான் சொந்த ஊர். ஆடும் முயலும் கன்றுகளைத் தின்று தீர்த்ததில், ஒரு காலத்தில் அங்கே விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மரங்கள் மிஞ்சின. ஊர் ஊராகத் தோட்டங்களில் நிற்கிற மரத்துக்குச் சொந்த மண்ணில் அந்தக் கதி! ரொம்ப மெதுவாக வளரும். அதனால் விலை அதிகம், அப்பாவின் வருத்தமும் அதுதான். வாங்கும் விலை மட்டும் காஸ்ட் இல்லை, பத்து வருஷப் பராமரிப்பும் சேர்ந்ததுதான் காஸ்ட் என்று காஸ்டிங் பேப்பரில் படித்ததை எடுத்துவிட்டேன். அம்மா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை, ஆனால் வாங்கிவிட்டார்.

வளர்ப்பில் ரெண்டே விஷயம் சொல்கிறேன். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும், மண்ணில் மணல் கலந்து நடுங்கள். அடி மட்டை பாதி மஞ்சளானதும் கத்தியைத் தூக்காதீர்கள். பொட்டாஷ் பற்றாத மரம் பழைய இலையிலிருந்துதான் அதை உறிஞ்சிப் புது இலைக்குக் கொடுக்கிறது. முழுக்கக் காய்ந்தபின் எடுத்தால் போதும்.

தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டு இவற்றையும் விடாது. வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் ரெண்டு பங்கு கலந்து குருத்தை ஒட்டிய மட்டை இடுக்கில் போடுவது தென்னைக்காரர்கள் வழக்கம். எங்கள் வீட்டில் அந்த வேலையை இப்போது அப்பாதான் செய்கிறார், யாரும் சொல்லாமலே.