ஜெனரல் ஏறாத மலை

பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டு ஒன்று வீட்டில் எங்காவது கிடந்தால் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். தென்னை மரங்கள், நடுவில் கடல், தூரத்தில் ஒரு கலங்கரை விளக்கம். தெற்கு அந்தமானில் ஹாரியட் மலைக்கு ஏறும் பாதையிலிருந்து தெரியும் காட்சி அது. கோடிக்கணக்கான இந்தியர்களின் சட்டைப்பையில் இருந்த அந்த மலைக்கு 2021 அக்டோபரில் பெயர் மாறிவிட்டது. இப்போது அது மணிப்பூர் மலை.

வங்கக் கடலின் நடுவே நிற்கும் ஒரு மலைக்கு ஏன் மணிப்பூரின் பெயர்? பதில், தன் நாட்டின் கடிவாளத்தைக் கைப்பற்றிய ஒரு படைத்தளபதியிடம் இருக்கிறது. அவர் இந்த மலையில் கால் வைத்ததே இல்லை.

மலை இருப்பது பெரார்கஞ்ச் தாலுகாவில். தலைநகரிலிருந்து இங்கு வர இரண்டு வழிகள். சாத்தம் ஜெட்டியில் ஃபெரி ஏறி பாம்பூ பிளாட்டில் இறங்கலாம். இருசக்கர வாகனங்கள், காய்கறி மூட்டைகள், பள்ளிப் பிள்ளைகள் எல்லாம் ஒரே தளத்தில் பயணம் செய்வார்கள். இந்தி, வங்காளி, தமிழ், தெலுங்கு, மலையாளம் எல்லாம் அந்தச் சில நிமிடங்களில் காதில் விழும். இல்லையேல் அந்தமான் டிரங்க் ரோடில் பஸ் பிடிக்கலாம். பாக்குத் தோட்டங்களையும் தென்னந்தோப்புகளையும் கடந்து பெரார்கஞ்ச் கடைத்தெருவில் பஸ் நிற்கும். அதைத் தாண்டினால் ஜிர்காடாங் சோதனைச் சாவடி. அங்கிருந்து ஜாரவா பழங்குடியினரின் காப்புக் காடு. வாகனங்கள் வரிசையாகக் காவலோடுதான் போக வேண்டும்.

ஊருக்குப் பெயர் கொடுத்தவரும் ராணுவக்காரர்தான். லெப்டினன்ட் கர்னல் மைக்கேல் லாயிட் பெரார் 1923 முதல் 1931 வரை அந்தமானின் சீஃப் கமிஷனர். ஓய்வு நேரத்தில் வண்ணத்துப்பூச்சி பிடித்து ஆராய்ந்தவர். கைதிகளைக் கூண்டில் அடைப்பதை விட நிலம் கொடுத்துக் குடியமர்த்துவது மேல் என்று அரசு எண்ணத் தொடங்கிய காலம் அது. ஐக்கிய மாகாணத்தில் குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்தப்பட்ட பாந்து இனத்தவர் 1926ல் இங்கு கொண்டுவரப்பட்டார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில் இரட்சணிய சேனை இருந்தது. குற்றப் பரம்பரைச் சட்டம் என்றால் என்னவென்று தமிழர்களுக்கு, குறிப்பாக மதுரைச் சீமைக்காரர்களுக்கு, விளக்க வேண்டியதில்லை. 1921 மாப்பிளா கிளர்ச்சிக்குப் பின் வந்தவர்கள் தங்கள் ஊர்ப் பெயர்களையும் கூடவே கொண்டுவந்தார்கள். அதனால்தான் இந்தத் தாலுகாவில் ஒரு திரூர் இருக்கிறது.

ராணுவக்காரர்கள் ஆள்வது அந்தமானுக்குப் பழகிப்போன சங்கதி. மலைக்குப் பழைய பெயர் தந்த ஹாரியட், 1862 முதல் 1864 வரை இங்கு அதிகாரியாக இருந்த கர்னல் ராபர்ட் டைட்லரின் மனைவி. 1872 பிப்ரவரி 8 அன்று வைஸ்ராய் மேயோ பிரபு இந்த மலை உச்சியில் நின்று சூரியன் மறைவதைப் பார்த்தார். இறங்கி வந்தபோது அடிவாரத்து ஹோப் டவுன் ஜெட்டியில் ஷேர் அலி அஃப்ரிதி என்ற கைதி கத்தியோடு காத்திருந்தார். பிரிட்டிஷ் இந்தியாவில் பதவியில் இருக்கும்போதே கொலையுண்ட ஒரே வைஸ்ராய் மேயோதான்.

பத்தொன்பது ஆண்டுகள் கழித்து இதே மலைக்கு வேறு விதமான விருந்தாளிகள் வந்தார்கள். மணிப்பூர் மன்னர் குலசந்திரரும் அவருடைய ஆட்கள் 22 பேரும். அவர்களை அங்கே அனுப்பிவைத்த கதையின் நாயகன் குலசந்திரர் அல்ல. அவருடைய தம்பி, சேனாபதி திகேந்திரஜித்.

மணிப்பூர் மகாராஜா சந்திரகீர்த்தி 1886ல் இறந்தார். பல மனைவியர், பல மகன்கள். மூத்தவர் சூர்சந்திரர் அரியணை ஏறினார். படை திகேந்திரஜித்திடம் போயிற்று. மன்னருக்குப் பக்தி அதிகம், உறுதி குறைவு. தம்பியோ போலோ ஆட்டத்தில் சூரர், மக்களுக்குப் பிடித்தவர், படை அவர் சொன்னதைக் கேட்டது. இப்படிப்பட்ட இருவர் ஒரே அரண்மனையில் நெடுநாள் இருக்க முடியாது. 1890 செப்டம்பர் 21 இரவு இளைய சகோதரர்கள் இருவர் அரண்மனையில் துப்பாக்கியால் சுட்டார்கள். பின்னால் இருந்தவர் சேனாபதி. சூர்சந்திரர் எதிர்த்து நிற்கவில்லை. பிரிட்டிஷ் பிரதிநிதி கிரிம்வுட்டின் மாளிகைக்கு ஓடினார். முடி துறந்து பிருந்தாவனம் போவதாகச் சொன்னார். குலசந்திரர் மன்னரானார். திகேந்திரஜித் யுவராஜா. உண்மையில் ஆண்டது யார் என்பதில் இம்பாலில் எவருக்கும் சந்தேகம் இருக்கவில்லை.

எல்லை தாண்டியதும் சூர்சந்திரர் மனம் மாறினார். அரியணையை மீட்டுத் தரும்படி பிரிட்டிஷ் அரசிடம் மனுப் போட்டார். வைஸ்ராய் லான்ஸ்டவுன் எடுத்த முடிவு விசித்திரமானது. கவிழ்ப்பினால் அரியணை ஏறிய குலசந்திரரை மன்னராக ஏற்கலாம். ஆனால் கவிழ்ப்பை நடத்திய திகேந்திரஜித்தை நாடு கடத்த வேண்டும். அதாவது திருட்டுப் பொருள் இருக்கட்டும், திருடனை மட்டும் பிடி என்பது போல. பலவீனமான ஒருவர் அரியணையில் இருப்பதில் ஆங்கிலேயருக்கு ஆட்சேபம் இல்லை. அவருக்குப் பக்கத்தில் பலமான ஒருவர் இருப்பதுதான் உறுத்தியது.

அஸ்ஸாம் சீஃப் கமிஷனர் குவின்டன் சுமார் 400 கூர்க்கா சிப்பாய்களோடு 1891 மார்ச் 22 அன்று இம்பாலுக்கு வந்தார். தர்பார் கூட்டி, அங்கே வந்ததும் யுவராஜாவைக் கைது செய்வது திட்டம். திகேந்திரஜித் தர்பாருக்கு வரவில்லை. மார்ச் 24 விடியலில் அவர் வீட்டைத் தாக்கினார்கள். அவர் அங்கே இல்லை. அன்று மாலைக்குள் நிலைமை தலைகீழாயிற்று. பேச்சுவார்த்தைக்குக் கங்லா கோட்டைக்குள் போன குவின்டன், கிரிம்வுட் உட்பட ஐந்து ஆங்கிலேயர்கள் கொல்லப்பட்டார்கள். மூன்று திசைகளிலிருந்து பிரிட்டிஷ் படைகள் கிளம்பின. கோங்ஜோமில் மணிப்பூர் வீரர்கள் கடைசிவரை நின்று மடிந்தார்கள். ஏப்ரல் 27 அன்று இம்பால் வீழ்ந்தது. மணிப்பூரின் சேனாபதி தேசத்தின் தலைவராக இருந்தது சுமார் ஏழு மாதம்.

விசாரணை நடத்தியது ராணுவ அதிகாரிகள் இருந்த தனி நீதிமன்றம். திகேந்திரஜித்துக்காகக் கல்கத்தா பாரிஸ்டர் மன்மோகன் கோஷ் எழுதிய முறையீடும் பலிக்கவில்லை. 1891 ஆகஸ்ட் 13 அன்று இம்பாலின் போலோ மைதானத்தில், அவர் குதிரை ஓட்டி ஆடிய இடத்தின் அருகிலேயே, தூக்கிலிடப்பட்டார். கூடவே வயது முதிர்ந்த தங்கல் ஜெனரலும். ஆயிரக்கணக்கான பெண்கள் வெள்ளை உடுத்தி அங்கே கூடினார்கள் என்று மணிப்பூரில் சொல்கிறார்கள். பெண்கள் திரண்டு வந்து மன்றாடினால் மரண தண்டனையை நிறுத்திவிடும் பழைய வழக்கம் அவர்களுக்கு உண்டு. அன்று நிற்கவில்லை.

லண்டன் நாடாளுமன்றத்தில் இது புயல் கிளப்பியது. இந்தியாவுக்கான துணை அமைச்சர் ஜான் கார்ஸ்ட் எழுந்து, உயரமாக வளரும் கசகசாச் செடியின் தலையைக் கிள்ளுவது அரசுகளின் பழைய கொள்கை என்ற பொருளில் பேசிவிட்டார். அரசின் சார்பில் பேச வந்தவர் அரசின் மனதில் இருந்ததை அப்படியே உடைத்துவிட்டார் என்று அவருடைய கட்சிக்காரர்களே தலையில் கை வைத்துக்கொண்டார்கள்.

தலை கிள்ளப்பட்டது இம்பாலில். மிச்சம் வந்து சேர்ந்தது அந்தமானுக்கு. குலசந்திரருக்கும் இளைய சகோதரர் அங்கௌசனாவுக்கும் மரண தண்டனை ஆயுள் தண்டனையாயிற்று. செல்லுலார் ஜெயில் அப்போது கட்டப்படவே இல்லை. அதன் வேலை தொடங்கியது 1896ல். மணிப்பூரிகள் வைக்கப்பட்ட இடமாக இந்த மலை நினைவுகூரப்படுகிறது. மழைக்காட்டின் ஈரமும் அட்டைகளும் மலைநாட்டு மனிதர்களுக்குப் புதிதல்ல. நாலாபக்கமும் கடல் என்பதுதான் புதிது. மணிப்பூரின் அரியணையில் ஐந்து வயதுச் சிறுவன் சூராசந்திரன் உட்கார்த்தி வைக்கப்பட்டான். சேனாபதியைப் பற்றி இனிக் கவலை இல்லை என்று ஆங்கிலேயர் நிம்மதி அடைந்தார்கள். இன்று இம்பால் விமான நிலையம் அவர் பெயரில்தான் இருக்கிறது.

சேனாபதிக்கு அதிகாரம் இருந்தது, அங்கீகாரம் இல்லை. இதற்கு நேர் எதிரான ஒரு ஜெனரலையும் இந்தத் தீவு பார்த்திருக்கிறது. அவர் தமிழர். ஏ.டி. லோகநாதன், இந்திய மருத்துவப் பணியில் இருந்த டாக்டர். சிங்கப்பூர் வீழ்ந்தபின் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து மேஜர் ஜெனரல் ஆனார். 1943 அக்டோபரில் நேதாஜி அமைத்த ஆசாத் ஹிந்த் அரசில் இடம் பெற்றார். அந்த டிசம்பர் 30 அன்று நேதாஜி போர்ட் பிளேரில் மூவர்ணக் கொடி ஏற்றினார். தீவுகளுக்கு ஷஹீத், ஸ்வராஜ் என்று பெயர் சூட்டினார். 1944 பிப்ரவரியில் அவற்றின் ஆட்சித் தலைவராக லோகநாதன் வந்து இறங்கினார்.

அவர் வருவதற்குச் சில வாரம் முன்பு, ஜனவரி 30 அன்று, ஹம்ஃப்ரிகஞ்சில் 44 இந்தியர்களை ஒற்றர்கள் என்று சொல்லி ஜப்பானியர் சுட்டுக் கொன்றிருந்தார்கள். டாக்டர் திவான் சிங் சிறையில் சித்திரவதைப்பட்டு அதே மாதம் இறந்திருந்தார். ஆளவந்த ஜெனரலுக்கு ஜப்பானியர் போலீஸ் துறையைத் தர மறுத்தார்கள். கிடைத்தது கல்வித் துறை. போலீஸ் இல்லாத ஆட்சி எப்படி மக்களைக் காக்கும்? உடல்நலமும் கெட்டது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் அவர் தீவை விட்டுப் போனார். அதன்பின் பட்டினி முற்றிய 1945ல், ஜப்பானியர் நூற்றுக்கணக்கானவர்களைப் படகில் ஏற்றி ஹேவ்லாக் பக்கம் கடலில் தள்ளினார்கள்.

லோகநாதனின் மதிப்பு தெரிந்தது வேறு ஊரில். 1945 ஏப்ரல் இறுதியில் ஜப்பானியர் ரங்கூனைக் கைவிட்டு ஓடியபோது, ஏறக்குறைய 6,000 ஐ.என்.ஏ. வீரர்களோடு அவர் அங்கேயே தங்கினார். பிரிட்டிஷ் படை வரும்வரை கொள்ளையும் கொலையும் நடக்காமல் நகரத்தைக் காத்து, பிறகு சரணடைந்தார். அங்கே ஆயிரக்கணக்கில் இருந்த தமிழர்கள் அந்த நாட்களில் உயிரோடு இருந்ததற்கு இந்த டாக்டர் ஜெனரலும் ஒரு காரணம்.

அதே ரங்கூனில் 1962 மார்ச் 2 அன்று இன்னொரு ஜெனரல் ஆட்சியைப் பிடித்தார். நே வின். ஜப்பானியரிடம் பயிற்சி பெற்ற முப்பது தோழர்களில் ஒருவர். இவருக்கு அதிகாரத்திலும் குறையில்லை, காலத்திலும் குறையில்லை: 26 ஆண்டுகள். கடைகள் தேசியமயமாயின. 1964ல் 50, 100 கியாத் நோட்டுகள் ஒரே உத்தரவில் செல்லாமல் போயின. தலைமுறை தலைமுறையாகச் சேர்த்ததை விட்டுவிட்டு இந்தியர்கள் லட்சக்கணக்கில் கப்பல் ஏறினார்கள். சென்னை பர்மா பஜார் அப்படி வந்தது. திரும்பிப் போக முயன்று எல்லையில் தடுக்கப்பட்ட தமிழர்கள் மணிப்பூரின் மோரேயில் தங்கினார்கள். கோயிலும் தமிழ்ச் சங்கமும் கட்டினார்கள். 2023 மே மாதம் மணிப்பூரில் இன மோதல் வெடித்தபோது மோரேயில் தமிழர் வீடுகளும் எரிந்தன. ஒரு ஜெனரல் துரத்தியவர்களின் பேரப்பிள்ளைகள் மறுபடி மூட்டை கட்டினார்கள்.

ஆக, மூன்று ஜெனரல்கள். ஒருவர் அரண்மனைப் பகையில் வென்றார், தேசத்தின் சுதந்திரத்தோடு தானும் போனார். ஒருவருக்குப் பதவி கிடைத்தது, ஆட்சி கிடைக்கவில்லை. ஒருவருக்கு எல்லாமே கிடைத்தது, விலையை மக்கள் கொடுத்தார்கள். திகேந்திரஜித்தின் வீரத்தை யாரும் மறுக்க முடியாது. ஆனால் செப்டம்பர் 21ன் அந்தத் துப்பாக்கிச் சத்தம்தான் குவின்டனுக்கு இம்பாலின் வாசலைத் திறந்துவிட்டது என்பதும் உண்மை. அண்ணன் தம்பிச் சண்டையைத் தீர்த்துவைக்க வரும் அன்னியன் வெறுங்கையோடு திரும்பிப் போவதில்லை. நம் பாளையக்காரர்கள் இதைச் சொல்வார்கள்.

அந்தமானில் இன்னும் சட்டசபை இல்லை. தில்லிக்கு ஒரே ஒரு எம்.பி. சமீப காலத்திலும் லெப்டினன்ட் கவர்னர்களாக வந்தவர்களில் பலர் படையினர். 2006ல் லெப்டினன்ட் ஜெனரல் போபிந்தர் சிங், 2013ல் லெப்டினன்ட் ஜெனரல் ஏ.கே. சிங், 2017ல் முன்னாள் கடற்படைத் தளபதி அட்மிரல் டி.கே. ஜோஷி. டைட்லர், பெரார் வரிசைதான் நீள்கிறதா என்று கேட்கத் தோன்றும். ஒரு வித்தியாசம் உண்டு. இவர்களை அனுப்பியது மக்கள் தேர்ந்தெடுத்த அரசு. வேண்டாம் என்றால் ஒரு காகிதத்தில் திருப்பி அழைக்கலாம். பாகிஸ்தானும் பர்மாவும் இழந்த வசதி அந்த ஒரு காகிதம்தான். அதை மட்டும் நம்பித் திருப்தியடைய முடியுமா என்பது தீவுக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்வி. சட்டசபை வேண்டும் என்று அவர்களில் பலர் கேட்டுக்கொண்டும் இருக்கிறார்கள்.

பெயர்கள் வேகமாக மாறிவருகின்றன. 2018ல் ஹேவ்லாக் ஸ்வராஜ் த்வீப் ஆனது, நீல் ஷஹீத் த்வீப் ஆனது. 2024 செப்டம்பரில் போர்ட் பிளேரே ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. பஸ் கண்டக்டர்கள் இன்னும் பழைய பெயரைத்தான் கூவுகிறார்கள். மணிப்பூர் மலைக்குக் கீழே பெரார்கஞ்ச் மட்டும் ஒரு வெள்ளைக்கார லெப்டினன்ட் கர்னலின் பெயரோடு நிம்மதியாக இருக்கிறது. குற்றப் பரம்பரை என்று சொல்லி இறக்கிவிடப்பட்ட பாந்துக்களின் வாரிசுகள், மாப்பிளாக்களின் வாரிசுகள், பிழைக்க வந்த தமிழர்கள், வங்காளிகள் எல்லாரும் இங்கே பஞ்சாயத்துத் தேர்தலில் ஒரே வரிசையில் நின்று வாக்குப் போடுகிறார்கள். இந்தத் தாலுகாவில் தளபதிகள் விட்டுப்போனது பெயர்களை. அந்த வரிசை மக்களே உண்டாக்கிக்கொண்டது.