மார்கழிப் புழுக்கம்

டிசம்பர் 28, 2024, சனி

'ஏ' ஷிப்ட் முடித்து வந்து சாயங்காலம் ஒரு மணி நேரம் ஓட்டம். மறைமலை நகர் ஸ்டேஷனில் ஆரம்பித்து தொழிற்பேட்டை ரோடு, ஃபோர்டு காம்பவுண்டு, திரும்ப வீடு. ஃபோர்டு, 2022-ல் உற்பத்தி நின்ற இடம். திரும்ப வருகிறோம் என்று போன செப்டம்பரில் அறிவித்தார்கள். டீக்கடைக்காரர் அதைப் பற்றி யார் கேட்டாலும் சிரிக்கிறார்.

ஓடுவதற்கு முன் எடை 68.2. ஓடி முடித்து 67.1. நடுவில் குடித்தது 300 மில்லி. ஆக ஒரு மணி நேரத்தில் வேர்வையாகப் போனது 1.4 லிட்டர். மார்கழியில் இது அதிகம். பனி வேண்டாம், கொஞ்சம் ஈரமில்லாத காற்றாவது வேண்டாமா? சென்னை மாரத்தானுக்கு இன்னும் ஒரு வாரம்தான்.

டிசம்பர் 31, செவ்வாய்

கேன்டீனில் இன்று முழுக்க என் தலைதான் உருண்டது. "900 டிகிரி ஃபர்னஸ் பக்கத்துல நிக்கிற ஆளு நீ. மெரினா உனக்கு ஏசி ரூம் மாதிரி இருக்கும்ணே" என்றான் பேக்கிங் பையன். எல்லாருக்கும் சிரிப்பு.

அவன் சொன்னதில் பாதி உண்மை. சூட்டில் தொடர்ந்து 10, 14 நாள் உழைத்தால் உடம்பு பழகிக்கொள்ளும். வேர்வை சீக்கிரமே சுரக்கும், அதில் போகும் உப்பும் குறையும். ஆனால் ஹீட் ட்ரீட்மென்ட் ஷாப்பில் முதுகுக்குப் பின்னால் மேன் கூலர் சுழல்கிறது, கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் ஆள் மாறுகிறோம், பத்தரைக்கு மோர் வருகிறது. 250 பேருக்கு மேல் வேலை பார்க்கும் ஆலையில் வெயில் காலத்தில் குடிதண்ணீரைக் குளிர வைத்துத் தர வேண்டும் என்று 1948 தொழிற்சாலைச் சட்டத்திலேயே இருக்கிறது. கடற்கரையில் மேன் கூலருக்கு எங்கே போவது? வேர்வை வழிந்தால் உடம்பு குளிராது, காய்ந்தால்தான் குளிரும். காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் அது எப்படிக் காயும்?

தோஹாவில் 2019 உலகத் தடகளப் போட்டியில் பெண்கள் மாரத்தானை வெயிலுக்குப் பயந்து செப்டம்பர் 27 நள்ளிரவில் வைத்தார்கள். அப்போதும் 32 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேல். ஓடிய 68 பேரில் 28 பேர் முடிக்கவில்லை. ஜெயித்த கென்யாவின் ரூத் செப்ன்கெடிச்சுக்கு 2 மணி 32 நிமிடம் 43 விநாடி ஆனது. அதே வருஷம் ஜனவரியில் துபாயில் 2:17:08-ல் ஓடியவர் அவர். வெயிலே இல்லாத ராத்திரி அவரிடமிருந்து கால் மணி நேரத்தைப் பிடுங்கிக்கொண்டது. பேக்கிங் பையனிடம் இதைச் சொன்னேன். "அப்ப நீ எதுக்குண்ணே போற?" என்றான்.

ஜனவரி 2, வியாழன்

தண்ணீரை மொடக் மொடக்கென்று குடித்துக்கொண்டே ஓடு என்கிறாள் வீட்டுக்காரி. அதுவும் ஆபத்து. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. காரணம், அளவுக்கு மிஞ்சிக் குடித்தது. ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்கி வைத்தாயிற்று. காலையில் நீராகாரத்தில் கல்லுப்பு.

ஜனவரி 4, சனி

நாலு மணி ஸ்டார்ட்டுக்குச் செங்கல்பட்டு லோக்கலை நம்பிப் பிரயோஜனம் இல்லை. திருவல்லிக்கேணி அக்கா வீட்டுக்கு முந்தின நாளே வந்துவிட்டேன். சாயங்காலம் மாமாவோடு பீச்சுக்குப் போனேன். கடலில் இருந்து காற்றே இல்லை.

"இங்கதான்டா அன்னிக்கு நின்னோம்" என்றார் மாமா. அக்டோபர் 6, விமானப்படை சாகசம். லட்சக்கணக்கான கூட்டம். நிகழ்ச்சி 11 மணிக்கு, ஜனம் காலையிலேயே மணலில் உட்கார்ந்துவிட்டது. நிழல் கிடையாது. திரும்பும்போது நகர முடியாத நெரிசல். ஐந்து பேர் செத்துப்போனார்கள். அவர்கள் யாரும் ஓடவில்லை, வானத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தவர்கள். அந்த மாதக் கடைசியில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது அரசு. தண்ணீரும் நிழலும் யாராவது ஏற்பாடு செய்தால்தான் உண்டு. நாளைக்கு எனக்கு வழி நெடுகத் தண்ணீர் ஸ்டால் இருக்கிறது, ஆம்புலன்ஸ் இருக்கிறது. காசு கட்டி வெயிலில் ஓடுகிறவனுக்குக் கிடைக்கும் மரியாதை இது.

ஜனவரி 5, ஞாயிறு

நேப்பியர் பாலம். இருட்டிலேயே பிசுபிசுப்பு. நிற்கும்போதே பனியன் ஒட்டிக்கொண்டது. கிலோமீட்டருக்கு ஆறேகால் நிமிடம் என்பது திட்டம். உழைப்பாளர் சிலை, கலங்கரை விளக்கம், சாந்தோம். ஐந்தாவது கிலோமீட்டரில் வாட்ச்சைப் பார்த்தேன், நாடித் துடிப்பு 160. மற்ற நாளில் இதே வேகத்துக்கு 142-தான் வரும். உடனே ஏழு நிமிடத்துக்கு இறக்கிவிட்டேன். என்னைத் தாண்டிப் போனவர்களை எண்ணவில்லை.

பாதி தூரம் தாண்டும்போது ஆறரை மணி, வெளிச்சம் வந்தது. ஒவ்வொரு ஸ்டாலிலும் ஒரே சடங்கு: ஒரு கப் வாய்க்கு, ஒரு கப் பிடரிக்கு, ஐஸ் துண்டு தொப்பிக்குள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் எட்டு மணி வெயில் தார் ரோட்டில் பட்டுத் திரும்பி முகத்தில் அடித்தது. பேச்சே இல்லை, ஷூ சத்தம் மட்டும்.

அங்கேதான் ஒரு பையனைப் பார்த்தேன். இருபத்தைந்து வயது இருக்கும். எனக்கு முன்னால் ரோட்டின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்குமாகப் போய்க்கொண்டிருந்தான். "தம்பி, எந்த ஊரு?" என்றேன். "பஸ்ஸு போயிருச்சா?" என்றான். எங்கள் ஷாப்பில் இதே மாதிரி சம்பந்தமில்லாமல் பேசி, அடுத்த நிமிடம் விழுந்த ஆளை எனக்குத் தெரியும். தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். உடம்பு அடுப்பு மேல் வைத்த தவலை. ஸ்டாலில் இருந்து இரண்டு பெண்கள் ஓடி வந்தார்கள். யாரோ "வண்டியக் கூப்பிடு, ஏத்து" என்று கத்த, அதில் ஒரு பெண், கல்லூரி மாணவிபோல, "முதல்ல ஐஸ்!" என்று அதட்டினாள். பாட்டில் மூழ்கிக் கிடந்த ஐஸ் தண்ணீரை டப்போடு தூக்கிக் கவிழ்த்தார்கள். அக்குள், கழுத்து, தொடை இடுக்கில் ஐஸ் பை. பத்து நிமிடத்தில் தன் பெயரைச் சொன்னான். அப்புறம்தான் ஆம்புலன்ஸ் வந்தது.

5 மணி 11 நிமிடத்தில் ஓட்டத்தை முடித்தேன். பதக்கத்தைவிட, அங்கே கொடுத்த உப்புப் போட்ட வெள்ளரிக்காய்தான் பெரிதாகத் தெரிந்தது.

ஜனவரி 6, திங்கள்

'பி' ஷிப்ட். படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குகிறேன்.

சேஃப்டி ஆபீசரைப் பார்த்துப் பேசினேன். அமெரிக்காவில் ஃபால்மத் ரோட் ரேஸ் என்று ஒன்று ஆகஸ்ட் மாதம் நடக்கிறது. 18 வருஷத்தில் 274 பேர் அங்கே வெப்பத் தாக்கில் விழுந்திருக்கிறார்கள். உடனே ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்கியதால் ஒருவர்கூடச் சாகவில்லை. அரை மணி நேரத்துக்குள் சூட்டை இறக்க வேண்டும், ஆஸ்பத்திரி அப்புறம். நம் ஃபர்ஸ்ட் எய்டு ரூமில் ஸ்ட்ரெச்சர் இருக்கிறது, டெட்டால் இருக்கிறது. ஆள் படுக்கிற அளவு ஒரு பிளாஸ்டிக் தொட்டியும், ஐஸும் வேண்டும் என்றேன்.

"மார்ச் வரட்டும், பட்ஜெட்ல போடலாம்" என்றார். தொட்டிக்கு நாங்களே ஷாப்பில் காசு போடுகிறோம், ஐஸுக்கு மட்டும் கேன்டீன் ஃப்ரீசரில் ஒரு தட்டு ஒதுக்கச் சொல்லுங்கள் என்றேன். எழுதிக் கொடுக்கச் சொன்னார். கொடுத்திருக்கிறேன்.