தலைநகரில் நின்றுபோன மின்வண்டி

டெல்லி மழையில் உங்கள் மின்சார ஸ்கூட்டர் நடுவழியில் நின்றுவிட்டால், உடனே பேட்டரியைக் குற்றப்படுத்தாதீர்கள். எனக்கு அப்படி நேர்ந்தபோது, முதலில் கண்ட கடைக்காரர் புதிய பேட்டரிக்கு என் ஒரு மாதச் சம்பளத்தையே கேட்டார். மனம் உடைந்து, வண்டியைக் கரோல்பாகின் நாயிவாலாவுக்குத் தள்ளிச் சென்றேன். (பெயரைக் கேட்டு நாயைத் தேடாதீர்கள், இருசக்கர வாகனக் கடைகள் நிறைந்த இடம் அது.)

பிரேக்கைப் பிடித்தால் மோட்டாருக்கு மின்சாரம் நிற்கும்படி, பிடியிலே ஒரு சிறு சுவிட்சு உண்டு. அதில் ஈரம் புகுந்திருந்தது. மெக்கானிக் துடைத்தார், சக்கரம் சுழன்றது. பல வண்டிகளில் பக்கவாட்டு ஸ்டாண்டு இறங்கியிருந்தாலும் மோட்டார் இயங்காது; அதையும் பாருங்கள்.

மின்டோ பாலத்தடியில் தேங்கும் நீரிலோ எவ்வண்டியையும் இறக்காதீர்கள். 2020 ஜூலையில் அங்கே ஒரு சரக்குவண்டி ஓட்டுநர் மூழ்கி மாண்டார்.