கடைமடை

செஞ்சிக்கோட்டைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ராஜகிரியின் உச்சிவரை ஏறி, தேசிங்கு ராஜனை ஒருமுறை நினைத்துக்கொண்டு, இறங்கிவந்து இளநீர் குடித்துவிட்டுத் திருவண்ணாமலைக்கோ திண்டிவனத்துக்கோ பேருந்து பிடித்துவிடுகிறார்கள். நாங்கள் இப்போது ஏறுவதில்லை. மூவருக்குமே முழங்கால்கள் ஒத்துழைப்பதில்லை. மலையடிவாரத்து நெற்களஞ்சியத்தின் நிழலில் ஆண்டுக்கு ஒருமுறை கூடி, கட்டுச்சோற்றைப் பிரித்து உண்டு, பழைய கதைகளைப் பேசிவிட்டுக் கலைந்துவிடுவது வழக்கம். எங்களில் ஒருவர் செஞ்சிக்காரர். ஊரைச் சாக்கிட்டு அவர் கூப்பிடுவார். அவரைச் சாக்கிட்டு மற்ற இருவரும் வருவோம்.

ஒரு பல்கலைக்கழகத்தின் பொதுக் கருவிக்கூடத்தில் நெடுங்காலம் ஒன்றாக வேலை பார்த்தவர்கள் நாங்கள். ஒருவர் பொறுப்பு அலுவலர். ஒருவர் கருவிகளை இயக்கியவர். மற்றவர் கணக்கும் கடிதப் போக்குவரத்தும் பார்த்தவர். பல்கலைக்கழகத்தின் பெயர் இங்கு வேண்டாம். நாங்கள் மூவரில் யார் எதைச் செய்தார் என்பதையும் பிரித்துச் சொல்லப்போவதில்லை. காரணம் போகப்போக விளங்கும்.

பொதுக் கருவிக்கூடம் என்றால் என்னவென்று இலக்கிய வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. நவீன வேதியியலிலோ உயிரியலிலோ ஓர் ஆய்வு நடக்க வேண்டுமென்றால் சில பெரிய கருவிகள் இல்லாமல் முடியாது. அவற்றின் விலை கோடிகளில் இருக்கும். ஓர் ஆசிரியர் தனியாக வாங்க இயலாது. வாங்கினாலும் பாதி நாள் சும்மா கிடக்கும். ஆகவே ஒன்றை வாங்கிப் பொதுவில் வைத்து எல்லோரும் முறைவைத்துப் பயன்படுத்துவது என்பது ஏற்பாடு. 1970களிலேயே மத்திய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை சென்னை ஐ.ஐ.டி. போன்ற சில இடங்களில் வட்டாரக் கருவி மையங்களை அமைத்தது. அக்கம்பக்கத்துக் கல்லூரிகளிலிருந்தும் மாதிரிகள் அங்கே வந்தன. 1984இல் பல்கலைக்கழக மானியக் குழு, எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுவாக ஒரு துகள் முடுக்கியை தில்லியில் நிறுவ முனைந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் புதுவைப் பல்கலைக்கழகத்திலும் மையக் கருவிக்கூடங்கள் இருக்கின்றன. எங்களுடையதும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.

எங்கள் கூடத்தின் மூத்த பிள்ளை, அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுக் கருவி. என்.எம்.ஆர். என்றே எல்லோரும் சொல்வார்கள். ஒரு மூலக்கூற்றில் எந்த அணு எதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும் கருவி. அதன் உள்ளே இருக்கும் மீக்கடத்திக் காந்தம் திரவ ஹீலியத்தில், சுழிக்குக் கீழே 269 பாகைக் குளிரில் மூழ்கியிருக்கும். அதைச் சுற்றித் திரவ நைட்ரஜன். நைட்ரஜனை வாரத்துக்கு ஒருமுறை போல நிரப்ப வேண்டும். ஹீலியத்தைச் சில மாதங்களுக்கு ஒருமுறை. தவறினால் காந்தம் குளிர் இழந்து, ஹீலியம் முழுவதும் சில நிமிடங்களில் ஆவியாகிப் போய்விடும். தீபாவளியன்றும் பொங்கலன்றும் எங்களில் ஒருவர் அந்த அறைக்குப் போய் அளவு பார்த்துவிட்டு வந்துதான் இலை முன் உட்கார்ந்திருக்கிறார்.

இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. கருவியைக் காப்பதே எங்கள் வேலை என்று பல ஆண்டுகள் நம்பிக்கொண்டிருந்தோம் என்பதற்காகச் சொல்கிறோம். வாங்கப் பணம் வரும். பெரியவர்கள் வந்து திறந்துவைப்பார்கள். கல்வெட்டில் பெயர் பொறிக்கப்படும். ஆனால் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவோ, யு.பி.எஸ். மின்கலங்களை மாற்றவோ, இயக்குபவருக்குச் சம்பளம் கொடுக்கவோ அதே தாராளம் இருக்காது. அந்தப் போராட்டத்திலேயே நாட்கள் கழிந்தன. கருவி ஓடுகிறதா என்று பார்த்தோமே தவிர, யாருக்காக ஓடுகிறது என்று பார்க்கவில்லை.

*

எங்கள் செஞ்சி நண்பரின் பாட்டனார் தம் ஊர் ஏரிக்கு நீர்க்கட்டியாக இருந்தவர். நிலம் அதிகம் இல்லாதவர். மதகைத் திறப்பதும் மூடுவதும், எந்த வயலுக்கு எந்த நாழிகையில் தண்ணீர் என்று முறைவைப்பதும் அவர் பொறுப்பு. அறுவடையில் ஆளுக்கு இவ்வளவு என்று நெல் கொடுப்பார்கள். அவர் இரவில் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு முதலில் மதகுக்குப் போகமாட்டாராம், கடைமடைக்குத்தான் போவாராம். அங்கே வாய்க்கால் ஈரமாக இருந்தால் மேலே எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று பொருள். காய்ந்திருந்தால் நடுவில் யாரோ மடையை வெட்டியிருக்கிறார். மதகடியில் நின்று பார்த்தால் தண்ணீர் எப்போதும் நிறையத்தான் போய்க்கொண்டிருக்கும்.

இதை நண்பர் எங்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறார். ஊர்க்கதை என்று கேட்டுக்கொண்டோம்.

*

2012ஆம் ஆண்டுக் கோடை. தமிழ்நாட்டில் மின்வெட்டு மிகக் கடுமையாக இருந்த ஆண்டு. சென்னைக்கு வெளியே பகலில் பல மணி நேரம் மின்சாரம் இருக்காது. செஞ்சிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றின் ஆய்வு மாணவி எங்களிடம் என்.எம்.ஆருக்கு முன்பதிவு செய்திருந்தார். அப்பகுதிக் குன்றுகளில் வளரும் ஒரு செடியின் வேரிலிருந்து எட்டு மாத உழைப்பில் அவர் பிரித்தெடுத்திருந்த பொருள் பன்னிரண்டே மில்லிகிராம். வெப்பம் பட்டால் சிதையக்கூடியது. கல்லூரிக் குளிர்பெட்டியை மின்வெட்டில் நம்ப முடியாது என்பதால் தெர்மகோல் பெட்டியில் பனிக்கட்டி நிரப்பி, இரண்டு பேருந்து மாறி எடுத்துவந்தார். வியாழன் மாலை ஆறு மணி முதல் மறுநாள் காலை எட்டு மணி வரை கருவி அவருக்கு. பதிவேட்டில் அவர் பெயர் இருந்தது, கட்டணமும் கட்டியிருந்தார்.

அன்று மதியம் எங்கள் நிறுவனத்தின் மூத்த பேராசிரியர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். அவருடைய கட்டுரைக்கு வெளிநாட்டு இதழ் ஒன்று கூடுதல் தரவு கேட்டிருக்கிறது, கெடு நெருங்கிவிட்டது, இன்றிரவே வேண்டும் என்றார். உத்தரவாகச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. எங்களில் ஒருவர் ‘ஆகட்டும் சார்’ என்றார். ஒருவர் பதிவேட்டில் சிவப்பு மையால் ஒரு பெயரை அடித்து மேலே இன்னொரு பெயரை எழுதினார். ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று மணிக்கு அந்த மாணவி வந்தார். ‘சனிக்கிழமை வாம்மா, முதல் ஆளா போட்டுத் தர்றோம்’ என்றோம். அவர் வாதாடவில்லை. பெட்டியைக் கீழே வைக்காமலேயே, ‘அதுவரைக்கும் இதை உங்க ஃபிரிட்ஜுல வைக்க முடியுமா சார்?’ என்று மட்டும் கேட்டார். வெளியார் மாதிரிகளை எங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ள விதியில் இடமில்லை. அதைச் சொன்னோம். ‘சரிங்க சார்’ என்று போய்விட்டார்.

அவருடைய முறையை மாற்ற எந்த விதியும் எங்களுக்குக் குறுக்கே நிற்கவில்லை. அவருடைய பெட்டியை வைத்துக்கொள்ள மட்டும் விதி குறுக்கே நின்றது. அன்று இது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

வெள்ளியன்று மாலை மின்சாரம் போய்ப் போய் வந்தது. மின்சாரம் இல்லாவிட்டாலும் காந்தத்துக்கு ஒன்றும் ஆகாது. அதன் மின்னோட்டம் தானே சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் காந்தத்தை ஆள்கிற மின்னணுப் பெட்டி அப்படியல்ல. யு.பி.எஸ். மின்கலங்கள் காலாவதியாகி ஓராண்டு ஆகியிருந்தது. மாற்றக் கோரிய கோப்பு எங்கோ மேசையில் இருந்தது. பெட்டியின் பலகை ஒன்று கருகிவிட்டது. பராமரிப்பு ஒப்பந்தமும் மார்ச் மாதத்தோடு முடிந்து, புதுப்பிக்கும் கோப்பு கணக்குப் பிரிவில் கேள்விக்கு மேல் கேள்வியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பலகை வெளிநாட்டிலிருந்து வந்து கருவி மீண்டும் ஓட ஐந்து மாதங்கள் ஆயின. ஓடியவுடன் அந்த மாணவிக்கு முதல் முறையை ஒதுக்கிக் கடிதம் போட்டோம். பதில் இல்லை. உதவித்தொகைக் காலம் முடிந்து ஆய்வை விட்டுவிட்டார் என்று அவருடைய நெறியாளர் பிறகு தெரிவித்தார்.

பேராசிரியரின் கட்டுரை வெளிவந்தது. நல்ல கட்டுரைதான்.

*

‘மின்வெட்டுக்கு நாங்கள் என்ன செய்வது’ என்று கொஞ்ச நாள் சொல்லிப் பார்த்தோம். பிறகு மூவரும் ஒரே சமயத்தில் சொல்லுவதை நிறுத்தினோம். யார் தொலைபேசியை எடுத்தது, யார் பெயரை அடித்தது என்று எங்களுக்குள் ஒருபோதும் பேசிக்கொண்டதில்லை. அந்தப் பக்கத்தின் அடியில் மூவரின் கையெழுத்தும் இருக்கிறது. அதனால்தான் இங்கே ‘நாங்கள்’.

அதன்பின் சில விதிகளை எழுதிப் பயனாளர் குழுவின் ஒப்புதலுக்கு வைத்தோம். ஒதுக்கிய முறையை மாற்றவேண்டுமென்றால் காரணத்தோடு எழுத்தில் கேட்க வேண்டும். முறையை இழப்பவரின் சம்மதமும் எழுத்தில் வேண்டும். முன்பதிவுப் பட்டியல் அறைக்கு வெளியே பலகையில் ஒட்டப்படும். வாரத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் வெளிக் கல்லூரிகளுக்கு. வரும் கட்டணத்தில் ஐந்தில் ஒரு பங்கு பராமரிப்புக்கென்று தனியே நிற்கும். கேட்டால் மிகச் சாதாரணமானவை. நிறைவேற ஒன்றரை ஆண்டு பிடித்தது. சிலர் எங்களோடு பேசுவதை நிறுத்தினார்கள். ‘நம் கருவியில் வெளியாருக்கு ஏன் இரவு?’ என்று ஒருவர் கூட்டத்தில் கேட்டார். அது மக்கள் வரிப்பணத்தில் வந்தது, செஞ்சிக்காரரும் வரி கட்டுகிறார் என்று சொல்லவேண்டியிருந்தது.

2020இல் மத்திய அரசு ஐ-ஸ்டெம் என்ற இணையவாசலைத் தொடங்கியது. நாட்டின் எந்த நிறுவனத்தில் என்ன கருவி இருக்கிறது என்று எங்கிருந்தும் பார்க்கலாம், நேரம் கேட்கலாம். நல்ல ஏற்பாடு, எங்கள் காலத்தில் இருந்திருக்கலாம் என்று ஏங்கியதுண்டு. ஆனால் இணையவாசல் வரிசையைக் காட்டும்; வரிசையைக் காப்பது மதகடியில் இருக்கும் ஆள்தான். தொலைபேசி அவருக்குத்தான் வரும்.

*

சென்ற முறை களஞ்சியத்தருகே உட்கார்ந்திருந்தபோது பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டை யுனெஸ்கோ உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தபோது, மகாராஷ்டிரத்துக்கு வெளியே அப்பட்டியலில் இடம்பெற்ற ஒரே கோட்டை செஞ்சி. ஆசிரியை அதைச் சொல்லிவிட்டு, முகலாயர் 1690இல் தொடங்கிய முற்றுகை 1698இல்தான் முடிந்தது, உள்ளே நெல்லும் தண்ணீரும் இல்லாமல் அத்தனை ஆண்டு தாங்கியிருக்க முடியுமா என்று பிள்ளைகளைக் கேட்டுக்கொண்டிருந்தார். திரும்பியவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் அடையாளம் காண்பதற்குள் அவர் கண்டுகொண்டார்.

என்ன பேசுவது என்று தெரியாமல் மன்னிப்பைப் போல எதையோ தொடங்கினோம். அவர் அதை வளரவிடவில்லை. ‘ஐஸ் திண்டிவனத்துலயே கரைஞ்சிடுச்சு சார். அப்பவே தெரிஞ்சுபோச்சு’ என்று சிரித்தார். ‘அந்த மெஷின் இப்ப ஓடுதா?’ என்றார். பழையது கழித்துக்கட்டப்பட்டுப் புதியது வந்திருக்கிறது என்றோம். எங்கள் விதிகளைச் சொன்னோம். கொஞ்சம் பெருமையோடுதான் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

‘வெளியூர்ப் பொண்ணுங்களுக்கு ராத்திரி ஓட்டம் குடுத்தா, தங்க இடம் இருக்கா சார்?’

இல்லை. ஒன்றரை ஆண்டு போராடி வாங்கிய இரவு அது. அந்த இரவில் வருகிறவர் எங்கே படுப்பார் என்று நாங்கள் மூவரும் ஒருமுறைகூட யோசித்ததில்லை. அன்றைக்கு அவரைத் திருப்பி அனுப்பியபோது, அவர் திண்டிவனம் வழியாகத் திரும்பிப் போனதற்கும் காரணம் அதுதான். விடுதியில் வெளி மாணவிகளுக்கு அறை கிடையாது.

பிள்ளைகள் கல்யாண மகாலைப் பார்த்து ஓடத் தொடங்கியிருந்தார்கள். அவர் விடைபெற்றுக்கொண்டு பின்னாலேயே போனார்.

அன்று மாலையே நண்பரின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, எங்கள் இடத்துக்கு இப்போது வந்திருப்பவருக்கு ஒரு கடிதம் எழுதினோம். கருவிக்கூடத்தின் மாடியில் பழைய பதிவேடுகள் அடைந்துகிடக்கும் அறையைக் காலி செய்தால் இரண்டு கட்டில் போடலாம், குளியலறைக்கு ஏற்கெனவே குழாய் இருக்கிறது என்று வரைபடத்தோடு எழுதினோம். கீழே மூவரும் கையெழுத்திட்டோம்.

இன்னும் பதில் வரவில்லை. நினைவூட்டல் அனுப்ப வேண்டும்.